ஒரு பெயருள் அடங்காப் பல மக்கள்

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் 2020-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 6 கோடியே 21 இலக்கம் மாந்தரை 'இசுபானிக்கர்' என்னும் ஒரே பெயருள் அடைத்து வைத்தது. அப்பெயர்தானும் அவர்தம் முன்னோரை வென்றடக்கிய நாட்டின் பெயரினின்று பிறந்ததே!

இவருள் பாதிக்கு மேற்பட்டோர் மெக்சிக்கோ வழியினர். அவருள்ளும் ஒருசாரார் முன்னோர் எங்கிருந்தும் குடியேறியவரல்லர். 1848-இல், போரில் தோற்ற மெக்சிக்கோ கலிபோர்னியா முதலிய பகுதிகளை இழந்தபோது, வீடும் வயலும் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மட்டும் மாறிற்று. புவேர்த்தோ இரிக்கோ மக்களோ 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உடையவர். அவர் நியூயார்க்கிற்கு வருவது அயல்நாட்டினின்று வருவதன்று.

கியூபர் வரலாறு முற்றும் வேறு. 1959-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் முதற்கண் மயாமிக்கு வந்தோர் பெரும்பாலும் செல்வரும் கற்றோருமாவர். அவர் நிலைத்து வாழ 1966-இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. உள்நாட்டுப் போருக்கு அஞ்சி 1980-களில் ஓடிவந்த எல் சால்வடோர், குவாத்தமாலா ஏதிலியர்க்கோ அக்கதவு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. கியூப அரசு வாசிங்டனுக்குப் பகை, மற்றவை நட்பு. ஏதிலியின் துயரன்று, அவர் எவ்வரசை விட்டு ஓடிவந்தார் என்பதே ஆங்கு எடைபோடப்பட்டது.

பொதுப்பெயரால் பயனே இல்லை என்பது நேர்மையன்று. இம்மக்களைத் தனியே கணக்கிட வேண்டுமென்னும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், நியூ மெக்சிக்கோவிற் பிறந்த எட்வர்டு இராய்பல் போன்றோரின் முயற்சியால் வந்ததே. தொகை தெரியாமல் பள்ளிக்கும் வேலைக்கும் உரிமை கேட்பது எங்ஙனம்? ஆயின், எண்ணுதற்கு இட்ட பெயரே ஆளை அறிதற்கும் போதுமென அலுவலர் கொள்ளுங்கால் கேடு விளைகிறது.

குவாத்தமாலாவின் மலைநாட்டினின்று வந்தோர் பலர்க்குத் தாய்மொழி மாம், கிச்சே முதலிய மாயன் மொழிகள். கலிபோர்னியத் தோட்டங்களிற் பழம் பறிக்கும் வகாக்கா மாநிலத்தார் பலர்க்கு மிக்சுதெக்கு. இவரைக் கண்டவுடன் இசுப்பானிய மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டுக் கடமை முடிந்ததென மருத்துவமனையும் வழக்குமன்றமும் கருதுவது என்ன முறை? நோயாளி தலையசைப்பார், மருந்தின் அளவு விளங்கியிராது. தாய்நாட்டில் ஒருமுறை அவர்மேற் சுமத்தப்பட்ட வென்றோர் மொழி, புகுந்த நாட்டின் படிவத்தால் மறுமுறையும் சுமத்தப்படுகிறது. அப்படிவத்தின் முதல் வரியில் கேட்க வேண்டுவது, "உம் தாய்மொழி யாது?" என்பதே.