வேறெந்த நாட்டிலும் கூவாத சேவல்

'அரியது' என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கொண்டே அளந்து வருகின்றோம். பத்து இருந்தால் அரியது. பத்தாயிரம் இருந்தால் சாதாரணமானது. பறவைகளைப் பொறுத்தவரையில் இக்கணக்கு ஓரளவே பொருந்தும். ஓரிடத்தில் நாள்தோறும் கண்ணிற்படும் பறவை, அந்நாட்டைத் தவிர உலகில் வேறெங்குமே இல்லாததாக இருக்கலாம். அத்தகைய பறவையொன்று புத்தளம் மாவட்டத்தின் கரையோரக் காடுகளில் வாழ்கின்றது. இலங்கைக் காட்டுக்கோழி என்பது அதன் பெயர். இந்நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. இவ்வாரம் மாணவ நேயர்களுக்கு அதனை அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம்.

முதலில் அதன் குடும்பத்தைப் பார்ப்போம். கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜோர்ஜியா நாட்டிற் பாயும் ரியோனி ஆற்றைப் பண்டைக் கிரேக்கர் பாசிஸ் என அழைத்தனர். அவ்வாற்றங்கரையின் அழகிய பறவைகளுக்கு அவ்வாற்றின் பெயரே வழங்கலாயிற்று. அப்பெயர் ஆங்கிலத்தில் 'பெசன்ட்' எனத் திரிந்தது. இமயமலையின் உயர்ந்த சாரல்களில் வானவில்லின் வண்ணங்களோடு உலாவும் மோனால் என்னும் பறவை பெசன்ட் இனத்தது. மயில், காடை, கவுதாரி, வான்கோழி, நமது வீட்டு முற்றத்திற் குப்பை கிளறும் கோழி ஆகிய யாவும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஏறத்தாழ 180 இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தில் இலங்கைக்கே உரியனவாக இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று காட்டுக்கோழி. மற்றது ஈரவலயக் காடுகளில் மறைந்து வாழும் இலங்கைச் சுண்டங்கோழி. சிங்கராஜ வனம் போன்ற இடங்களில் அதன் குரலைக் கேட்டவர் பலர். உருவத்தைக் கண்டவர் சிலர். சுண்டங்கோழி புத்தளத்துக் கரைக்கு வருவதில்லை. காட்டுக்கோழியோ கடலோரத்தையும் மலையுச்சியையும் ஒருங்கே தன் வீடாகக் கொண்டது.

புத்தளம் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர்கள் களப்பையும் உப்பளங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து எலுவன்குளத்தை அடைவர். அப்பால் கலா ஓயாவைத் தாண்டினால் வில்பத்து வனம் தொடங்குகின்றது. 1938ஆம் ஆண்டிலே தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இப்பெருங்காடு ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பாலையும் வீரையும் நிறைந்த வறண்ட காட்டினிடையே, மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீர்நிலைகள் பல உள்ளன. அவற்றுக்கு 'வில்லு' என்று பெயர். காளி வில்லு, பணிக்கர் வில்லு, குருட்டுப்பாண்டி வில்லு என்னும் பெயர்களைக் கேட்கும்போது தமிழ்க் காதுகளுக்கு அவை அந்நியமாகத் தோன்றா. மேற்கே இக்காடு கடலோடு சென்று முடிகின்றது. குதிரைமலை என வழங்கும் செம்மண் மேடு அக்கரையிலே உள்ளது. பெயரில் மலை இருப்பினும் அது கடலைப் பார்த்து நிற்கும் ஒரு முனையேயன்றி உயர்ந்த மலையன்று.

இவ்வனத்தின் மணற்பாதைகளில், வெயில் ஏறுமுன் காலையிலும் பொழுது சாயும் மாலையிலும் காட்டுக்கோழியைக் காணலாம். சேவலின் தோற்றம் மறக்கற்பாலதன்று. கழுத்தும் முதுகும் பொன்னிறங் கலந்த செம்மஞ்சள். மார்பு ஆரஞ்சு கலந்த செந்நிறம். இறக்கையும் வாலும் கருநீலத்தில் ஊதா பளபளப்பு. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் தீட்டியது போன்ற ஓர் அடையாளம் உண்டு. உலகிலுள்ள காட்டுக்கோழி இனங்களுள் இம்மஞ்சள் அடையாளம் இவ்வொன்றிற்கே உரியது. வால் உட்படச் சேவலின் நீளம் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். நிறை ஒரு கிலோகிராம் அளவு. பேடு அதனிற் பாதி நீளமே உடையது. அதன் மேற்புறம் கபில நிறம். அடிப்புறத்தில் வெண்மையும் கருமையும் கலந்த கோலம். காய்ந்த இலைச் சருகின்மீது அது அசையாது அமர்ந்திருப்பின், பத்தடி தூரத்தில் நிற்பவரும் அதனைக் காணமாட்டார். முட்டைகளைக் காக்கும் தாய்க்கு இந்த மங்கிய ஆடையே கவசமாகும்.

குரலிலும் வேற்றுமை உண்டு. நம் வீட்டுச் சேவல் 'கொக்கரக்கோ' என்று நீட்டிக் கூவுகின்றது. காட்டுச் சேவலோ 'சிக்-சோ-யிக்' என்று சுருக்கமாக, இடையில் வெட்டியது போன்று ஒலிக்கும். கடைசி நீட்டு அதற்கு இல்லை. விடியற் பொழுதில் ஒரு சேவல் கூவ, தொலைவிலுள்ள மற்றொன்று விடை கூறும். இவ்வாறு ஒவ்வொன்றும் தன் எல்லையை அறிவித்துக்கொள்கின்றது.

விதைகள், உதிர்ந்த பழங்கள், புழுபூச்சிகள், கறையான்கள் ஆகியன அதன் உணவு. பகல் முழுவதும் நிலத்திலே மேய்ந்து, இரவில் மரக்கிளையிலே உறங்கும். ஆபத்து நேரின் பெரும்பாலும் ஓடியே தப்பும். நெருக்கடி மிகின் படபடவென்று எழும்பிப் பறக்கும். எனினும் அப்பறப்பு நெடுந்தூரம் நீளாது. கோழியினத்தின் மார்புத் தசை திடீர் வேகத்திற்கு ஏற்றதேயன்றி நீண்ட உழைப்பிற்கு ஏற்றதன்று. கடல் கடந்து பறவாத இப்பறவை இத்தீவிலேயே தங்கித் தனியினமாக விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பேடு நிலத்திற் சிறு குழி பறித்தோ, சில வேளைகளில் மரத்தின்மீது பிற பிராணிகள் கைவிட்ட கூட்டிலோ, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டைகளையே இடுகின்றது. ஏறத்தாழ மூன்று வாரங்களிற் குஞ்சுகள் வெளிவரும். முட்டைகளை எடுக்க எடுக்க மேலும் இட்டுக்கொண்டே போகும் வீட்டுக் கோழியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீரியும் உடும்பும் பாம்பும் திரியும் காட்டிலே அந்நான்கு முட்டைகளுள் எத்தனை பிழைக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி மலைக்குச் செல்வோம். புத்தளத்துக் கரையில் வெப்பத்தைத் தாங்கும் இதே இனம், 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஹோட்டன் சமவெளியிலும் வாழ்கின்றது. சில இரவுகளில் புல்லின்மீது உறைபனி படியும் இடம் அது. அங்கே 'நெலு' என்று சிங்களத்தில் வழங்கும் செடிகள் உண்டு. நமது குறிஞ்சிக்கு அவை நெருங்கிய உறவு. அவற்றுட் சில இனங்கள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடிகின்றன. 2013ஆம் ஆண்டில் அத்தகைய பெரும் பூப்பு நிகழ்ந்தது. நெலு விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் மலைக்காடுகளில் வந்து குவியும். விதையைத் தின்று மயங்கிப்போகும் என்பது மலைநாட்டார் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தி.

வீட்டுக் கோழியின் மூதாதை இப்பறவைதானோ என்று மாணவர்கள் கேட்கலாம். அன்று என்பதே விடை. உலகிற் காட்டுக்கோழி இனங்கள் நான்கு: வட இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி, தமிழகத்தின் நீலகிரி முதலிய மலைகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழி, ஜாவா முதலிய தீவுகளின் பச்சைக் காட்டுக்கோழி, நான்காவது நம்முடையது. சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கேள்வியை ஆராய்ந்து, சிவப்புக் காட்டுக்கோழியே மூதாதை என முடிவு செய்தார். இலங்கைப் பறவையின் மாறுபட்ட குரலும் அவரது ஆராய்ச்சியில் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டில் 863 கோழிகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகளும் சிவப்புக் காட்டுக்கோழியின் ஒரு கிளையையே மூதாதையாகக் கண்டனர். வீட்டுக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோல் மட்டும் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008இல் வெளியான ஆய்வின் முடிவு.

இப்பறவையின் விஞ்ஞானப் பெயர் காலஸ் லஃபயெட்டி என்பது. 1831இல் இதனை விவரித்த பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் லெஸ்ஸன், அமெரிக்க விடுதலைப் போரிற் பங்குகொண்ட லஃபயெத் பிரபுவைச் சிறப்பித்து இப்பெயரை இட்டார். அப்பிரபுவுக்கும் இலங்கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிங்கள மக்கள் வழங்கும் 'வலிகுகுளா' என்னும் பெயரும், தமிழ் மக்கள் வழங்கும் 'காட்டுக்கோழி' என்னும் பெயரும் இம்மண்ணுக்கு இன்னும் நெருங்கியவை.

உலகளாவிய பட்டியலில் இப்பறவை அழிவின் விளிம்பில் உள்ளதாகக் கூறப்படவில்லை. 'குறைந்த கவலைக்குரியது' என்னும் வகுப்பிலேயே வைக்கப்பட்டுள்ளது. அப்படியாயின் இதனைப் பற்றி நாம் ஏன் கவலையுற வேண்டும்? இதற்கு விடையாக இரண்டு நாடுகளின் செய்திகளைக் கூறுவோம்.

முதலாவது தாய்வான். இலங்கையைப் போலவே அதுவும் ஒரு தீவு. 1906ஆம் ஆண்டில் அங்குள்ள மலைகளுக்குச் சென்ற ஆங்கிலேயர் வால்டர் குட்ஃபெலோ, மலைவாசி ஒருவரின் தலையணியிற் செருகியிருந்த இரண்டு நீண்ட வாலிறகுகளைக் கண்டார். அவை எப்பறவையின் இறகுகள் என்பதை அன்றைய விஞ்ஞான உலகம் அறிந்திருக்கவில்லை. அவ்விறகுகளைக் கொண்டே மிக்காடோ பெசன்ட் என்னும் மலைப்பறவை விவரிக்கப்பட்டது. அதுவும் அத்தீவிற்கு வெளியே எங்கும் இல்லாதது. வேட்டையாலும் காடழிப்பாலும் ஒரு காலத்தில் அதன் நிலை கவலைக்கிடமாயிற்று. பின்னர் வேட்டை தடுக்கப்பட்டது. அதன் உறைவிடமான மலைகளும் பாதுகாக்கப்பட்டன. 1985இல் அமைந்த யூஷான் தேசிய வனம் அப்பறவைக்குப் பெரும் புகலிடமாயிற்று. இன்று அந்நாட்டின் ஆயிரம் டொலர் நாணயத்தாளை அப்பறவையின் படம் அலங்கரிக்கின்றது.

இரண்டாவது வியட்நாம். அந்நாட்டின் நடுப்பகுதித் தாழ்நிலக் காடுகளுக்கே உரிய எட்வர்ட்ஸ் பெசன்ட் 1896இல் விவரிக்கப்பட்டது. போரின்போது நச்சு மருந்து தெளிக்கப்பட்டுக் காடுகள் இலையுதிர்ந்தன. எஞ்சிய காடுகள் வெட்டப்பட்டன. தரையிலே கண்ணிகள் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டன. வனத்தில் அப்பறவை உறுதியாகக் காணப்பட்டது 2000ஆம் ஆண்டே கடைசி. இன்று அவ்வினம் உயிரோடிருப்பதாக உறுதியாக அறியப்படுவது விலங்குக்காட்சிச் சாலைகளிலும் வளர்ப்போர் கூண்டுகளிலுமே. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஒரு பறவை காட்டைவிட்டுக் கூண்டிற்குச் சென்றுவிட்டது.

இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது நமது காட்டுக்கோழி. வில்பத்துவைச் சூழ்ந்த ஊர்களில் அதற்கு நேரக்கூடிய தீங்குகள் பெரும் இரைச்சலோடு வருபவை அல்ல. இறைச்சிக்காகக் கண்ணி வைத்தல் ஒன்று. காட்டோரம் அவிழ்த்துவிடப்படும் நாய்கள் மற்றொன்று. வீட்டுக் கோழிகள் காட்டினுட் புகுந்து மேயும்போது அவற்றின் தொற்றுநோய்கள் காட்டு உறவினத்திற்கும் பரவக்கூடும். இரண்டும் கலந்து கலப்பினக் குஞ்சுகள் பிறத்தலும் உண்டு. கலப்பினம் பெருகுமாயின், காட்டிலே கோழி இருக்கும். ஆனால் கொண்டையில் மஞ்சள் அடையாளமுடைய அச்சேவல் சிறிது சிறிதாக மறைந்துபோகும். காட்டினூடே விரைந்து செல்லும் வாகனங்களும், பாதையோரத்திலே தானியம் பொறுக்கும் கோழிகளுக்கு ஆபத்தே.

தேசிய வனத்தினுள் எவ்வுயிரையும் வேட்டையாடுதல் சட்டப்படி குற்றமாகும். ஆனால் சட்டம் காட்டின் எல்லையிலே காவல் நிற்கும். கண்ணி வைக்கப்படுவதோ அவ்வெல்லைக்கு இப்பாலுள்ள பற்றைகளிலே. அங்கே காவலாக இருக்கக்கூடியவர்கள் எலுவன்குளம், கரைத்தீவு, வண்ணாத்திவில்லு போன்ற ஊர்களின் குடும்பங்களும் பாடசாலைப் பிள்ளைகளுமே. காட்டோரத்தில் வாழ்வோர் தங்கள் கோழிகளைப் பொழுது சாயுமுன் கூட்டில் அடைத்து, நோய்த்தடுப்பு ஊசி போடுவிப்பது தங்கள் கோழிக்கும் நன்மை, காட்டுக்கோழிக்கும் நன்மை.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலையும் தருகின்றோம். அடுத்த முறை வனத்திற்கோ அதன் அயலூர்களுக்கோ செல்லும்போது ஒரு குறிப்புப் புத்தகத்தை உடன் கொண்டு செல்லுங்கள். காட்டுச் சேவலைக் கண்டால் நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதுங்கள். கொண்டையின் மஞ்சள் தெளிவாக உள்ளதா, மார்பு செம்மஞ்சளா கருமையா, குரல் சுருங்கி ஒலித்ததா நீண்டு ஒலித்ததா என்பவற்றையும் குறியுங்கள். மார்பு கறுத்து, குரல் நீண்டு, கொண்டை முழுதும் சிவந்திருந்தால் அது ஊரிலிருந்து காட்டிற்குச் சென்ற சேவலாக இருக்கக்கூடும். அதனையும் மறவாது எழுதிவைத்து, உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆண்டுதோறும் அதே இடத்திற்குச் சென்று எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பறவை பெருகுகின்றதா குறைகின்றதா என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.