நானோ மருந்துக்காகக் காத்திருக்காதீங்க

1/ "மார்பகப் புற்றுநோய்க்கு நானோ மருந்து வந்துட்டாம், இனி ஆபரேஷனே வேண்டாமாம்." வடசேரியில என்னைப் பாக்க வர்றவங்க போனில் காட்டுற செய்தி இது. பாதி உண்மை, மீதிப் பாதிதான் ஆபத்து. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2/ நானோ மருந்து புதுசு இல்லை. டாக்ஸோரூபிசின் பழைய கீமோ மருந்து. நல்லா வேலை செய்யும், ஆனா இதயத்தைப் பாதிக்கும். அதைக் கொழுப்பாலான மிக நுண்ணிய உறைக்குள்ள அடைச்சா இதய பாதிப்பு குறையுது. 1995-லேயே இதுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சாச்சு. 2012-ல் அங்கே தட்டுப்பாடு வந்தப்ப நம்ம நாட்டு சன் பார்மாவின் லிப்போடாக்ஸைத்தான் இறக்குமதி பண்ணாங்க.

3/ அடுத்து பாக்லிடாக்ஸல். தண்ணியில் கரையாது. கரைக்கச் சேர்க்கிற பொருளே சிலருக்கு கடும் அலர்ஜி தரும். அதனால ரத்தத்துல இருக்கிற ஆல்புமின் புரதத்தோட சேர்த்து, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கினாங்க. பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு 2005-ல் அனுமதி. பழைய வடிவத்தில் 100-க்கு 19 பேருக்குக் கட்டி சுருங்கிச்சு, இதில் 33 பேருக்கு. ஆனா கை கால் மரத்துப்போறது இதில் கூடுதல்.

4/ பெப்டைடுன்னா? அமினோ அமிலங்களைத் தோவாளைப் பூச்சரம் மாதிரி கோத்த சின்னத் துண்டு. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் மருந்தில், ஆன்டிபாடியையும் கீமோவையும் இணைக்கிறது நாலே அமினோ அமிலச் சரம். புற்றுச் செல்லுக்குள்ள போனதும் அங்குள்ள நொதி அதை வெட்டும், கீமோ வெளியே வரும்.

5/ ஆனா நீங்க பாக்கிற செய்திகளில் பெரும்பாலானவை எலி ஆராய்ச்சி. பத்து வருட ஆய்வுகளை அலசி 2016-ல் வந்த கணக்கு: செலுத்தின நானோ துகளில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலை (மீடியன்) அளவில் 0.7 சதவீதம்தான். நிறைய துகள் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கிடுது. அதனால முதல் கேள்வி: "இது எலிக்கா, மனுஷனுக்கா?"

6/ என் கருத்து இதுதான். நானோங்கிறது வண்டி. உள்ளே இருக்கிற சரக்கு பெரும்பாலும் அதே கீமோதான். ஆபரேஷனையோ கதிர்வீச்சையோ அது ஒழிச்சிடல. "நானோ வரட்டும்"னு ஆறு மாசம் தள்ளினா, மார்பை எடுக்காமலே சரிபண்ணியிருக்கக் கூடிய கட்டி கைமீறிப் போகலாம். யாருக்கு நானோ வடிவம் தேவைன்னு புற்றுநோய் மருத்துவர் முடிவு பண்ணட்டும்.

7/ வலிக்காத கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோலில் குழி, அக்குளில் வீக்கம். இதில் எது இருந்தாலும் இந்த வாரமே காட்டுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயசு தாண்டின பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். மேல்சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்துலயே இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.

8/ மருந்தைக் கட்டிக்குக் கொண்டு சேர்க்கிற வழியை விஞ்ஞானிகள் பாத்துக்குவாங்க. அம்மாவையும் அக்காவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நம்ம வேலை. வீட்டுப் பெண்களுக்கு இதை வாசிச்சுக் காட்டுங்க.