லிங்க் யார் கையில் இருக்கிறது?

தியேட்டருக்குப் போகும் படத்துக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பு அசாத்தியமானது. டிசிபி எனப்படும் டிஜிட்டல் பிரதி 128 பிட் குறியாக்கத்துடன் வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி தனியாக வரும். அந்தச் சாவி ஒரு தியேட்டரில், ஒரே ஒரு சர்வரில், குறித்துக் கொடுத்த நாள் நேரத்துக்குள் மட்டுமே வேலை செய்யும். சர்வர் பழுதாகி வேறொன்றை மாட்டினால் பழைய சாவி செல்லாது. புதுச் சாவி வரும்வரை ஆப்பரேட்டர் போனும் கையுமாக நிற்க வேண்டியதுதான். பாக்கி தீராத படத்துக்குச் சாவியை நிறுத்திவைப்பதும் கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல.

இதே படம் அதற்கு முந்தைய மாதங்களில் எப்படி ஊர் சுற்றியது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. எடிட்டிங் சாலிகிராமத்தில், சிஜி வேலை ஹைதராபாத்திலும் மும்பையிலும், இசையமைப்பாளர் வேறு ஊரில், தெலுங்கு, இந்தி டப்பிங் அந்தந்த ஊர்களில், சப்டைட்டில் எழுதுபவர் தன் வீட்டில். வேலை இப்படிச் சிதறியதில் தவறில்லை. கொரோனா காலம் கற்றுக்கொடுத்த வசதி அது. பல சிறு படங்கள் அதனால்தான் முடிகின்றன. ஆனால் இத்தனை பேருக்கும் காட்சிகள் போய்ச்சேரும் வழி என்ன? இரவு பதினொரு மணிக்கு 'மூணாவது ரீல் வேணும்' என்று போன் வரும். அசிஸ்டென்ட் எடிட்டர் அதைத் தன் சொந்த டிரைவ் கணக்கில் ஏற்றுவார். லிங்க் கையில் இருக்கும் யாரும் திறக்கலாம் என்று அமைத்துவிட்டு, படத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பாஸ்வேர்டு இருந்தால் அதுவும் அடுத்த வரியிலேயே வரும். படத்தை விட்டு எப்போதோ விலகிப்போனவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள். படம் வெளியாகி ஓடிடிக்கும் வந்த பிறகும் அந்த லிங்க் உயிரோடுதான் இருக்கும்.

லிங்க்கில் அனுப்ப முடியாத பெரிய ஃபுட்டேஜ் ஹார்டுடிஸ்க்கில் போகிறது. 2025 மே மாதம் 'கண்ணப்பா' தெலுங்குப் படத்துக்கு நேர்ந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். விஎஃப்எக்ஸ் காட்சிகள் அடங்கிய டிஸ்க் மும்பையிலிருந்து ஹைதராபாத்துக்குக் கூரியரில் வந்தது. அதை வாங்கிய பிறகு காணவில்லை என்று தயாரிப்புத் தரப்பு போலீசுக்குப் போனது. பல மாத உழைப்பு அடங்கிய பார்சலுக்கு ஒரு கையெழுத்துதான் காவல்.

கசிவு என்றதும் தியேட்டரில் கேமராவோடு உட்கார்ந்திருக்கும் திருடன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறான். ஆனால் பெரும் கசிவுகள் பல, படம் திரைக்கு வரும் முன்பே, வேலை கைமாறிய இடங்களில் நடந்தவை. 2013-ல் 'அத்தாரிண்டிகி தாரேதி' தெலுங்குப் படத்தின் ஒரு பெரும் பகுதி வெளியீட்டுக்கு முன்பே சுற்றுக்கு வந்தது. 2015-ல் 'பிரேமம்', 2016-ல் 'உட்தா பஞ்சாப்' இரண்டுமே சென்சாருக்கான பிரதிகளாகக் கசிந்தவை; 'பிரேமம்' மட்டும் திரைக்கு வந்த பிறகு. 2021 பொங்கலுக்கு முன் 'மாஸ்டர்' காட்சிகள் வெளியானபோது, பகிராதீர்கள் என்று படக்குழு ரசிகர்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. 'அத்தாரிண்டிகி தாரேதி' அப்படியும் வசூலை அள்ளியதே என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. பெரிய நட்சத்திரம் தாங்கிய அடியைப் புதுமுகத்தின் முதல் படம் தாங்குமா?

2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் முதல் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்று கடுமை காட்டுகிறது. அதன் பார்வை தியேட்டரில் பதிவு செய்வதன் மீதும், திருட்டுப் பிரதியைக் காசுக்குத் திரையிடுவதன் மீதும்தான். எடிட்டிங் அறையிலிருந்து நழுவும் கோப்புக்குப் பதிப்புரிமைச் சட்டத்தையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் தேடிப்போக வேண்டும். அந்தச் சட்டங்களும் திருட்டு நடந்த பிறகே வருகின்றன. இணையத்தில் ஒருமுறை ஏறிய படத்தை எந்த நீதிமன்றமும் முழுமையாகத் திரும்பப் பெற்றுத் தந்ததில்லை.

வேலை கைமாறும் இடத்தைக் காக்க வேண்டும் என்ற பாடத்தை ஹாலிவுட் அடிபட்டே கற்றது. அங்கே லார்சன் ஸ்டூடியோஸ் என்ற சிறிய ஒலிக்கலவைக் கூடத்துக்குள் 2016 கடைசியில் ஹேக்கர்கள் புகுந்தார்கள். நுழைவாயிலாக இருந்தது ஒரு பழைய விண்டோஸ் கணினி. அந்தக் கூடம் சுமார் 50,000 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்தும், 2017 ஏப்ரலில் 'ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரின் பத்து எபிசோடுகள் இணையத்தில் கொட்டப்பட்டன. நெட்ஃபிளிக்ஸின் கோட்டைக்குள் யாரும் நுழையவே இல்லை; அதற்கு வேலை செய்த சின்னக் கூடம் போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எபிசோடு ஒன்று ஸ்டார் இந்தியாவின் வாட்டர்மார்க்கோடு கசிந்து, நால்வர் கைதானார்கள். 2018-ல் ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் சங்கம், தங்களுக்கு வேலை செய்யும் கூடங்களின் பாதுகாப்பை மதிப்பிடுவதற்கென்றே டிரஸ்டட் பார்ட்னர் நெட்வொர்க் என்ற அமைப்பைத் தொடங்கியது. நம் ஊரிலேயே வெளிநாட்டுப் படத்துக்கு வேலை நடக்கும் தளத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைக்கிறார்கள். உள்ளூர்ப் படம் என்றால் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

விலை உயர்ந்த மென்பொருளை வாங்கிப் போட்டால் தீர்ந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 2019 ஜூனில் கோப்பு அனுப்பும் வீடிரான்ஸ்ஃபர் சேவையின் கோளாறால் சிலருடைய கோப்புகள் சம்பந்தமில்லாத முகவரிகளுக்குப் போயின. 2023-ல், பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பவென்றே விற்கப்பட்ட மூவ்இட் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்த கும்பல் ஒன்று உலகெங்கும் நிறுவனங்களின் தரவை அள்ளியது. பிபிசி ஊழியர்களின் விவரங்களும் அதில் போயின. எந்தப் பூட்டும் உடையலாம் என்பதால், ஒரே இடத்தில் முழுப் படமும் கிடக்கக் கூடாது. ஒலி வேலை செய்பவருக்குத் தரம் குறைந்த பிரதி போதும். டப்பிங் பேசுபவருக்கு அவர் பேசும் காட்சிகள் போதும். சிஜி செய்பவருக்கு அந்த ஷாட்டுகள் போதும். முழுப் படத்தையும் முழுத் தரத்தில் பார்க்க வேண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் தனி லாகின், ஓடிபியோடு. வேலை முடிந்த அன்றே அது மூடப்பட வேண்டும். பார்ப்பவரின் பெயர் படத்தின் மீதே ஓட வேண்டும், ஃப்ரேம்.ஐஓ போன்ற சேவைகளில் இந்த வசதி ஏற்கெனவே உண்டு. ஹார்டுடிஸ்க் அனுப்பியே தீர வேண்டும் என்றால் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டு வேறு வழியில் போக வேண்டும். பெட்டியின் மேல் படத்தின் பெயர் எழுதக் கூடாது. இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். ரிலீஸ் தேதியை அறிவித்துவிட்டுக் கடைசி வாரம் வரை காட்சிகளைத் திருத்திக்கொண்டிருக்கும் நம் பழக்கத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவசரத்தைப் பாதுகாப்புக் குறைவுக்குச் சாக்காக்க முடியாது. கேடிஎம் வந்தபோதும் இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. இன்று அது தியேட்டர்களில் வழக்கமாகிவிட்டது.

இதில் நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. கசிவு நடந்ததும் முதலில் விசாரிக்கப்படுபவர் குறைந்த சம்பளத்தில், சொந்த லேப்டாப்பில், சொந்த டேட்டாவில் வேலை பார்த்த உதவியாளர்தான். நாற்பது பேருக்கு ஒரே லிங்க் என்றால் குற்றவாளியைக் காட்டவும் வழியில்லை, நிரபராதியைக் காக்கவும் வழியில்லை. யார், எப்போது, எதைத் திறந்தார் என்ற பதிவு இருந்தால் முதலில் காப்பாற்றப்படுவது அந்த இளைஞர்தான். ஆகவே இதைத் தொழிலாளர் உரிமையாகவே திரைத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி கேட்டு வாங்க வேண்டும். பாதுகாப்பான கணக்கைத் தயாரிப்பாளர் தராதவரை, சொந்த டிரைவில் படத்தை ஏற்ற மாட்டோம் என்று உதவி எடிட்டர்கள் சொல்லும் நிலை வர வேண்டும்.

தனியாக எதையும் வாங்க முடியாத சிறு தயாரிப்பாளர்களுக்காகத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு பொதுக் கோப்புச் சேவையைக் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்கு மாத வாடகையில் கொடுக்கலாம். பூந்தமல்லி அருகே திரைப்பட நகரம் அமைப்பதாக 2024-ல் அறிவித்தது தமிழக அரசு. அதில் படப்பிடிப்புத் தளங்களோடு இப்படியொரு தரவு மையத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சங்கம் குறைந்தபட்ச விதிகளை எழுதி, ஒப்பந்தங்களில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். இப்போது எடிட்டிங்கில் படம் வைத்திருக்கும் தயாரிப்பாளர்கள், யாரிடம் என்னென்ன இருக்கிறது என்று இன்றே ஒரு பட்டியல் எடுத்து, தேவையில்லாத லிங்க்குகளை இன்றே மூட வேண்டும்.