கடலைச் சுருளாகப் போகுமா மாகாண சபையின் பதிவுகள்?

பதுளை பஸ் நிலையத்துல கடலை வாங்கித் தின்னாதவங்க நம்மில் யாரும் இருக்க மாட்டோம். கடலை முடிஞ்சதும் சுருளைப் பிரிச்சு வாசிக்கிறது எங்கள் குழுவில் சில பேருக்குப் பழக்கம். பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் தவணைப் பரீட்சைத் தாளாக இருக்கும். கணக்குக்கு 34 புள்ளி. சில நேரம் அலுவலகக் கடிதம் ஒன்று வரும், கீழே பாதி முத்திரையோடு. கடைசியாகக் கிடைத்த தாளில் "மேற்படி விடயம் தொடர்பாக" என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. எந்த விடயம் என்பது எண்ணெயில் ஊறிப் போய்விட்டது. எல்லாரும் சிரிச்சோம். பசறை பஸ்ல ஏறி உட்கார்ந்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "அது சரி, நம்ம மாகாண சபையில இத்தன வருஷமா பேசினதெல்லாம் இப்ப எங்க இருக்கு? அதுவும் ஒரு நாள் இப்படித்தான் நம்ம கைக்கு வருமா?"

அதுக்கு அப்புறம் யாரும் சிரிக்கல. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு சட்டத்தைத் தேடி வாசித்தோம். வாசித்ததையும், அதிலிருந்து எங்களுக்குப் பட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

ஆள் இல்லாத சபை

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்தன. ஊவாவுக்கு முதல் தேர்தல் 1988 ஏப்ரலில். அதற்குப் பிறகு 1993, 1999, 2004, 2009, கடைசியாக 2014 செப்டெம்பர் 20. பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து 34 உறுப்பினர்கள். அந்தக் கடைசிச் சபையின் காலம் 2019 ஒக்டோபரில் முடிந்தது. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. அங்கே சிக்கிய தேர்தல்தான். 2019இல் மூடிய கதவு அதன் பிறகு திறக்கவில்லை.

ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், மாகாண நிர்வாகம் நடக்கிறது. ஆனால் கேள்வி கேட்க ஒரு உறுப்பினர் இல்லை. அதனால் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று: 31 வருஷமாகச் சேர்ந்த சபைப் பதிவுகளுக்கும் இப்போது பேச ஆள் இல்லை. உறுப்பினர்களின் கேள்விகள், அமைச்சர்களின் பதில்கள், பிரேரணைகள், குழு அறிக்கைகள், வரவு செலவுத் திட்டங்கள், நியதிச்சட்ட வரைவுகள். ஒரு சபை உயிரோடு இருந்தால், "போன வருஷம் நீங்க சொன்ன பதிலை எடுங்க பார்ப்போம்" என்று எதிர்க்கட்சியில் யாராவது கேட்பார்கள். அந்தப் பயத்திலாவது பைல் பத்திரமாக இருக்கும். இப்போது அப்படிக் கேட்க யார் இருக்கா?

2027 பெப்ரவரி என்ற தேதி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எல்லாரும் "தகவல் கேட்கிற சட்டம்" என்றுதான் தெரிந்து வைத்திருக்கிறோம். அது தகவலைப் பாதுகாக்கிற சட்டமும்கூட. அதன் 7ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால்: சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த பதிவுகளை, அந்த நாளிலிருந்து குறைந்தது 10 வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உருவான பதிவுகளை, உருவான நாளிலிருந்து குறைந்தது 12 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. இப்போ கணக்குப் போடுங்க. 1988இல் முதல் கூட்டத்தில் எழுதிய குறிப்பு, 2004இல் ஒரு தோட்டப் பாதைக்காகக் கேட்ட கேள்வி, 2016 வரவு செலவுத் திட்டம் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் தரும் காவல் ஒரே நாளில் முடிகிறது: 2027 பெப்ரவரியில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். 10 வருஷம் முடிஞ்சா அழிக்கணும்னு சட்டம் சொல்லல. அழிக்கிறதுக்கு இருந்த ஒரு தடை விலகுது, அவ்வளவுதான். இன்னொரு பூட்டும் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டப்படி, அரசாங்க அலுவலர் ஒருவர் பொதுப் பதிவுகளைத் தன் விருப்பத்துக்கு அழிக்க முடியாது. தேசிய சுவடிகள் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். ஆனால் அது மாகாண சபைகள் பிறக்க 14 வருஷத்துக்கு முன் எழுதிய சட்டம். 13ஆவது திருத்தமோ, தேசிய முக்கியத்துவம் உள்ளவையாகப் பிரகடனப்படுத்தப்படாத வரலாற்றுப் பதிவுகளை மாகாண சபையின் பட்டியலில்தான் சேர்த்திருக்கிறது. அதாவது ஊவாவின் பதிவுகளைக் காக்க நியதிச்சட்டம் செய்யும் அதிகாரம் ஊவா மாகாண சபைக்கு. அந்தச் சபைதான் இல்லையே!

யாரோ பைல்களை எரிக்கிறார்கள் என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. யாரும் எரிக்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் பயம். பதுளை மழைக்கு ஒரு ஓட்டை போதும். கரையான் யாரிடமும் அனுமதி கேட்காது. அறையைக் காலி செய்யச் சொல்லி ஒரு உத்தரவு வந்தால், லொறியில் ஏற்றுகிறவருக்கு எது குப்பை, எது வரலாறு என்று எப்படித் தெரியும்?

நமக்கு என்ன வந்தது?

"லயத்துல தண்ணி வரல, இதுல பழைய பேப்பர் பத்தி எழுதுறீங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காகிதம் இல்லாததால் என்ன நடக்கும் என்று மலையகத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. 1949 இந்திய பாகிஸ்தானியர் சட்டம், கல்யாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்கச் சொன்னது. உழைத்ததற்குச் சாட்சியாகத் தோட்டமே இருந்தது, ஆனால் கேட்டது துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். இன்றைக்கும் செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று ஈபிஎப் காசுக்காக அலைகிற அம்மாமார் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

அதே 1948 கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தை யார் எதிர்த்தார், யார் ஆதரித்தார், என்ன வார்த்தையில் பேசினார் என்பது பாராளுமன்ற ஹன்சாட்டில் அப்படியே இருக்கிறது. தலவாக்கலையின் உறுப்பினராக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை இருந்த சபை அது. நம் உரிமையைப் பறித்ததை இன்றைக்கும் தேதியோடு, பெயரோடு சொல்ல முடிகிறது என்றால், அந்தச் சபை தன் பதிவை வைத்திருப்பதால்தான்.

இப்போது ஊவாவுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. கடைசி மாகாண சபைத் தேர்தல் முடிந்து ஆறு கிழமைகூட ஆகவில்லை. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததும் பிறகுதான் வெளியில் பேசப்பட்டது. அந்த எச்சரிக்கை யார் கையில் இருந்தது? யார் யாருக்கு அனுப்பினார்? சபையில் யாராவது கேட்டார்களா, கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது? "சொன்னோம்", "எங்களுக்குச் சொல்லல" என்று இரண்டு பக்கமும் நிற்கும்போது, நடுவில் நின்று பேசக்கூடியது காகிதம் மட்டும்தான்.

2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலை அதிபரை முதலமைச்சர் முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் நமக்கு மறக்கவில்லை. மாகாணக் கல்வி அமைச்சும் அப்போது அவரிடம்தான் இருந்தது. அதை அடுத்து அந்தப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். பத்திரிகைகள் எழுதின, நாமும் பேஸ்புக்கில் கொதித்தோம். பேஸ்புக் பதிவுகள் காணாமல் போகும். சபையில் அதைப் பற்றி ஏதாவது பேசப்பட்டிருந்தால் அது பதிவில் இருக்க வேண்டும், யாரும் பேசவில்லை என்றால் அந்த மௌனமும் பதிவுதான். 12 வருஷக் கணக்கில் பார்த்தால் அதற்குக் காவல் 2030 ஜனவரி வரை.

நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் வெற்றிடம், கட்டடம், மலசலகூடம் எல்லாம் மாகாண சபையின் மேசைக்குப் போனவை. "இத்தனையாம் ஆண்டே இதைக் கேட்டோம், இப்படித்தான் பதில் சொன்னீங்க" என்று காட்ட முடிந்தால் நம் கோரிக்கை மனு கெஞ்சல் இல்லை, கணக்கு.

அப்போ எல்லாத்தையும் வைக்கணுமா?

இல்லை. எல்லாவற்றையும் வைத்திருப்பது ஒன்றையும் வைத்திருக்காத மாதிரி. வாகன எரிபொருள் பில், தேநீர்ச் செலவு, ஒரே கடிதத்தின் ஆறு பிரதி எல்லாம் கணக்காய்வு முடிந்து, சட்டம் சொன்ன காலமும் முடிந்தால் போகலாம். போகத்தான் வேண்டும். அவை போனால்தான் மற்றதுக்கு இடம் கிடைக்கும். மக்கள் கொடுத்த மனுக்களில் நோய், குடும்பப் பிரச்சினை எல்லாம் பேரோடு இருக்கும். அவற்றை யார் எப்போது பார்க்கலாம் என்பதற்கும் விதி வேண்டும்.

அழிப்பதைக்கூட ஒழுங்காகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்கை ஒரு காலத்தில் மரக் குச்சிகளில் வெட்டி வைத்தார்கள். அந்த முறை ஒழிந்த பிறகு குவிந்து கிடந்த குச்சிகளை 1834 ஒக்டோபர் 16இல் பாராளுமன்றக் கட்டடத்துக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மேலே ஏறி, பாராளுமன்றமே எரிந்தது. கீழ்ச்சபையின் பழைய பதிவுகளில் பெரும்பகுதி சாம்பல். மேல்சபையின் பதிவுகள் மட்டும் தப்பின, ஏனென்றால் அவை ஜுவல் டவர் என்ற தனிக் கல் கட்டடத்தில் இருந்தன. தேவையில்லாததை அழிக்கப் போய்த் தேவையானதை இழந்த கதை அது. தப்பியதும் அதிர்ஷ்டத்தால் இல்லை, தனியாக எடுத்து வைத்ததால். 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன அர்த்தம் என்று விளங்கும்.

ஆக, வேண்டியது ஒரு பட்டியல். எது என்றென்றைக்கும், எது 12 வருஷம், எது கணக்காய்வு முடிந்ததும் போகலாம் என்று மூன்று நிரல். அந்தப் பட்டியலை மூடிய அறையில் நாலு பேர் எழுதாமல், நாம் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி வெளியில் போட வேண்டும். சபை அமர்வின் பதிவு, கேள்வி பதில், குழு அறிக்கை, நியதிச்சட்டம், வரவு செலவுத் திட்டம் ஆகிய ஐந்தும் முதல் நிரலில்தான் வர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மொழியையும் விட முடியாது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. பைல் பத்திரமாக இருந்தும் லுணுகலையில் இருக்கிற ஒரு பிள்ளையால் அதை வாசிக்க முடியாவிட்டால், அவளுக்கு அது அழிந்த மாதிரிதான். முழுவதையும் மொழிபெயர்க்க இப்போது காசில்லை என்பார்கள். சரி, எந்த நாள் என்ன விடயம் பேசினார்கள் என்ற அட்டவணையையாவது தமிழில் போடலாம்.

நாம் செய்யக்கூடியது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. ஒரு பதிவைக் கேட்டு விண்ணப்பம் போட்டால், அந்த விண்ணப்பமும் அதன் மேன்முறையீடும் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது. வேண்டுமென்றே அழித்தால் குற்றம். அதாவது நம் ஒரு பக்கக் கடிதமே ஒரு பூட்டு. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

நாங்கள் கேட்கப் போகும் கேள்விகள் இவைதான்:

1. 1988 முதல் 2019 வரையான சபை அமர்வுகளின் பதிவுகள் எந்தெந்த ஆண்டுக்கு, எந்த மொழியில், எங்கே இருக்கின்றன?
2. அவற்றில் எவை இலத்திரனியல் வடிவில் மாற்றப்பட்டுள்ளன?
3. பதிவுகளை வைத்திருக்கவும் அழிக்கவும் எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கிறதா? இருந்தால் பிரதி தரவும்.
4. இதுவரை ஏதாவது அழிக்கப்பட்டிருந்தால் அதன் பட்டியலும், தேசிய சுவடிகள் பணிப்பாளரின் அனுமதியும்.
5. 2014 ஒக்டோபர் முதல் 2015 டிசெம்பர் வரை மண்சரிவு பற்றிச் சபையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

இவை ஊவா முழுக்கப் பொதுவானவை. உங்கள் தோட்டத்துக்கு உரிய கேள்வி உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பாலம், எந்தப் பாடசாலைக் கட்டடம், எந்த ஆண்டு யார் வந்து வாக்குக் கொடுத்தார் என்று வீட்டில் பெரியவங்ககிட்ட கேளுங்க, அந்த ஆண்டைப் போட்டு எழுதுங்க. எழுத உதவி வேணும்னா எங்களிடம் சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமையில உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.

மாகாண சபை வேணுமா, வேணாமா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. வெள்ளை யானை என்கிறவங்களும் இருக்காங்க, அதையும் விட்டா நமக்கு என்ன இருக்கு என்கிறவங்களும் இருக்காங்க. ஆனால் அந்த விவாதத்தைச் சரியாகச் செய்யவும், 31 வருஷம் அது என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று தெரியணும். அடுத்த தேர்தல் வந்து, புதிய உறுப்பினர் ஒருத்தர் அந்த மண்டபத்துக்குள் போகும்போது, பழைய கேள்விகள் அவருக்காக அலுமாரியில் காத்திருக்கணும். 2027 பெப்ரவரிக்கு முன்னால் அதை உறுதி செய்ய நம் கையில் இருக்கிறது ஒரு கடிதமும் முத்திரைக் காசும்தான். முதல் கடிதத்தை நாங்கள் போடுகிறோம். பதில் வந்தால் இங்கேயே போடுவோம், வராவிட்டால் அதையும் போடுவோம்.