ஒட்டாதது யார்?

“குட்டியாக எடுத்தால்தான் நாய் ஒட்டும், வளர்ந்தது, அதுவும் ஆளைக் கண்டால் ஒளிகிற கலப்பினம், வீட்டுக்கு ஆகாது.” நாயைத் தத்தெடுக்க வருபவர்களில் பலர் சொல்லும் வாதம் இது. குட்டிப் பருவத்தில் பழக்கம் எளிதில் படியும் என்பது உண்மை. மற்றதெல்லாம் பிழை.

1. அப்போது எளிது என்றால் பிறகு முடியாது என்று ஆகிவிடுமா? 1957-இல் சோவியத் ஒன்றியம் விண்ணுக்கு அனுப்பிய லைகா, மாஸ்கோ தெருவில் பிடித்த சிறிய கலப்பின நாய். வயது ஏறக்குறைய மூன்று. அதற்குப் பயிற்சி ஏறவில்லையா?

2. கலப்பினக் குட்டி எவ்வளவு வளரும் என்று யாருக்குத் தெரியும்? வளர்ந்த நாயின் உயரமும் குணமும் கண்முன் நிற்கின்றன.

3. வளர்ந்தது என்றால், ஐந்து வயது நாய் கிழமா? சிறிய நாய்கள் 12, 15 ஆண்டுகூட வாழும்.

4. கட்டிலுக்கடியில் ஒளிவது குணக்கேடல்ல, பயம். புது வீட்டில் முதல் நாளே நீங்கள் கூடத்தில் ஆடிப் பாடினீர்களா? இழுத்து வெளியே போடாதீர்கள். மடக்கினால் எந்த நாயும் கடிக்கக்கூடும். அதற்கென ஒரு மூலை, நேரத்துக்குச் சோறு, சில வாரப் பொறுமை. வேறென்ன கேட்கிறது?

இரண்டே நாளில் “ஒட்டவில்லை” என்று திருப்பிக் கொண்டுவந்து விடுகிறீர்கள். ஒட்டாதது நாயா, நீங்களா?