குற்ற உணர்வு யாருடைய துறை?

1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சூரிச் நகரச் சபைப் போதகர் ஆஸ்கர் ஃபிஸ்டர், வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்குத் தம் கட்டுரைகளை அனுப்பிவைத்தார். கடவுள் நம்பிக்கை அறவே இல்லாத ஒரு மருத்துவருக்கும் ஒரு கிறிஸ்தவப் போதகருக்கும் இடையே அன்று தொடங்கிய நட்பு, ஃபிராய்டு 1939இல் இறக்கும்வரை நீடித்தது. உளப்பகுப்பாய்வு மதத்தைச் சார்ந்ததும் அல்ல, அதற்கு எதிரானதும் அல்ல. துன்பப்படுபவர்களை விடுவிப்பதற்காகப் போதகரும் அதைக் கையாளலாம் என்று ஃபிராய்டு அவருக்கு ஆரம்பத்திலேயே எழுதினார். மதத்தை மாயை என்று வாதிடும் 'ஒரு மாயையின் எதிர்காலம்' நூலை 1927இல் வெளியிட்டபோது, ஃபிஸ்டரின் மனம் நோகுமே என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. ஃபிஸ்டர் உறவை முறித்துக்கொள்ளவில்லை. தலைப்பையே திருப்பிப் போட்டு, 'ஒரு எதிர்காலத்தின் மாயை' என்று 1928இல் மறுப்பு எழுதினார். அந்த மறுப்பு வெளியானது ஃபிராய்டின் சொந்த இதழான 'இமாகோ'வில்.

அப்படிப்பட்ட உரையாடல் இன்று அருகிவிட்டது. மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு என்று சொல்லும் பிரசங்கியார் ஒருபுறம். குற்ற உணர்வு என்றாலே களைந்தெறிய வேண்டிய சுமை என்று நினைக்கும் ஆலோசகர் மறுபுறம். இருவருக்கும் நடுவே நின்று, 'நீங்கள் பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தானா?' என்று கேட்க வேண்டிய மெய்யியலை யாரும் அழைப்பதே இல்லை. இதனால் பாதிக்கப்படுகிறவர், உதவி தேடி வந்த மனிதர்.

ஆன்மா ஒரு காலத்தில் திருச்சபையிடம் இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உளவியல் அதைப் பறித்துக்கொண்டது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை சரியல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் கெல்லியா பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனிதனைத் தொல்லை செய்யும் எண்ணங்களை எட்டாக வகைப்படுத்தினார். அவற்றுள் நண்பகல் சோர்வு பற்றிய அவரது விவரிப்பை எந்த மருத்துவரும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். சூரியன் நகர மறுக்கிறது. பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றுகிறது. துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கிறார். தங்கியிருக்கும் இடமும் கைவேலையும் கசக்கின்றன. உடன் வாழ்பவர்களுக்குத் தன்மேல் அன்பில்லை என்று படுகிறது. விட்டுவந்த உறவினர் நினைவுக்கு வருகின்றனர்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் உணர்ச்சியைக் கிளறுவதும்தான் நம் கையில் இருக்கிறது. இது பண்டைய கிரேக்க ஸ்தோயிக்கியர்களின் மெய்யியலிலிருந்து பாலைவனத்துக்கு வந்த பாடம். இருபதாம் நூற்றாண்டில் ஆல்பர்ட் எல்லிஸும் ஏரன் பெக்கும் சிந்தனை சார்ந்த சிகிச்சை முறைகளை உருவாக்கியபோது, அதே ஸ்தோயிக்கியர்களைத்தான் தங்கள் முன்னோடிகள் என்றார்கள். இன்று மனநல மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் சிகிச்சைக்கும் எகிப்தியத் துறவியின் அறிவுரைக்கும் மூதாதை ஒன்றுதான். இந்த உறவை மறந்தது இரு தரப்புக்கும் நஷ்டம்.

எந்த மெய்யியலைக் கைக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துச் சிகிச்சையும் மாறும். ஆன்மா உடலில் சிறைப்பட்டிருக்கிறது என்று நம்பினால், மனத்துயருக்கு உடலில் மருந்து தேடுவது வீண் வேலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆன்மா உடலின் உருவாக்கக் கூறு, இரண்டும் சேர்ந்ததே மனிதன் என்றார். அதனால்தான் துயரம் தீர என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு அவரது 'இறையியல் தொகுப்பு' தரும் விடைகளில் இறையுண்மையைத் தியானிப்பதும் இருக்கிறது. அழுவது, நண்பர்களின் ஆறுதல், தூக்கம், குளியல் ஆகியவையும் இருக்கின்றன. தூங்கு, குளி என்று ஓர் இறையியலாளர் எழுதியதை, மாத்திரை சாப்பிடுவதையே விசுவாசத் துரோகமாகப் பார்க்கும் ஊழியர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

குற்ற உணர்வில்தான் சிக்கல் முற்றுகிறது. ஆங்கிலேயப் போதகர் ஜான் பன்யன் 1666இல் வெளியிட்ட தன்வரலாற்றில், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் தம்மைத் துரத்தியதை எழுதியிருக்கிறார். உண்ணும்போதும் குனிந்து ஒரு குண்டூசியை எடுக்கும்போதும்கூட அது விடவில்லை. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் எண்ணச் சுழற்சி நோயை மருத்துவம் இன்று அறியும். அதன் ஒரு வடிவத்தில் நோயாளி பாவத்தைப் பற்றியே ஓயாமல் அஞ்சுகிறார். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். சற்று நேரம் நிம்மதி. சரியாகச் சொல்லவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடி வருகிறார். ஒவ்வொரு முறை கிடைக்கும் ஆறுதலும் நோயை வலுப்படுத்துகிறது. உளவியல் தெரியாத குருவானவர் அன்பினாலேயே அவருக்குத் தீங்கு செய்துவிடக்கூடும். எண்ணம் வருவது பாவமல்ல என்ற எவாக்ரியுஸின் பழைய பாடம் தெரிந்தவர், அதே மனிதரை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

உளவியல் அறிவு திருச்சபையின் சட்டத்தையே அசைத்ததற்கும் சான்று உண்டு. தற்கொலை பாவம் என்பதைப் புனித அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே விரிவாக வாதிட்டார். 1917இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. மகனையோ மகளையோ இழந்த எத்தனை குடும்பங்களின் துக்கத்தின் மேல் இந்த அவமானமும் ஏறியிருக்கும்! 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான உளவியல் பாதிப்பும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் சொன்னது. பேயோட்டுதல் பற்றிப் பேசும்போது, மனநோய் அதிலிருந்து முற்றிலும் வேறானது, அதைக் குணப்படுத்துவது மருத்துவத்தின் வேலை என்றும் அதே நூல் பிரித்துக் காட்டுகிறது. கோட்பாடு மாறவில்லை. ஒரு செயலுக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி என்ற புரிதல் மாறியது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே முதலில் கருத வேண்டும் என்று இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னது 1983ஆம் ஆண்டின் அந்தத் தொகுப்புக்கும் 34 ஆண்டுகள் கழித்து, 2017இல்தான்.

அப்படியானால் குற்ற உணர்வு முழுவதையும் மருத்துவரிடம் ஒப்படைத்துவிடலாமா? கூடாது என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவர் இறையியலாளர் பால் டில்லிக். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையின் போதகராக இருந்து, போர்முனையில் மனம் முறிந்து சிகிச்சை பெற்றவர். நாஜி ஆட்சி 1933இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியதும் நியூயார்க் சென்றவர். அங்கே எரிக் ஃபிராம், ரோலோ மே போன்ற உளவியலாளர்களுடன் 1940களின் முற்பாதியில் ஒரே குழுவில் அமர்ந்து விவாதித்தார். 1952இல் வெளிவந்த 'இருப்பதற்கான துணிவு' அந்த அனுபவங்களில் விளைந்த நூல். மரணம், வெறுமை, குற்றம் ஆகியவை குறித்த கலக்கம் மனிதனாகப் பிறந்த எவருக்கும் உண்டு. அது நோயல்ல, அதற்கு மருந்தும் கிடையாது என்றார் டில்லிக். அந்தக் கலக்கத்தை எதிர்கொள்ளத் துணிவற்று மனம் ஒடுங்கிப் போவதுதான் நோய். அது மருத்துவருக்கு உரியது. மருத்துவர் முதலாவதைப் போக்க முயல்வதும் போதகர் இரண்டாவதைக் கண்டிப்பதும் ஒரே வகைத் தவறு. இந்த எல்லைக்கோட்டை நடைமுறையில் வரைவது எளிதல்ல, ஒருவருக்குள்ளேயே இரண்டும் கலந்திருக்கும். ஆனாலும் இதைவிடப் பயனுள்ள பிரிப்பை இத்துறையில் காண்பது கடினம்.

டில்லிக் சொன்னதைக் கேட்காதவர்கள் இருபுறமும் இருந்தார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த ஹோபார்ட் மௌரர், தாமே கடும் மனச்சோர்வில் உழன்றவர். நோயாளியின் குற்றம் உண்மையானது, அதைப் பொய்யுணர்வு என்று ஃபிராய்டின் சீடர்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்று 1961இல் ஒரு நூலில் சாடினார். உளவியலாளர் ஒருவரிடமிருந்து வந்த துணிச்சலான குரல் அது. அவரிடம் 1965இல் பயின்ற போதகர் ஜே ஆடம்ஸ் அதைத் தம் வழியில் எல்லை கடந்து நீட்டினார். 1970இல் அவர் எழுதிய நூல், உடற்கோளாறால் வராத மனத்துன்பம் பெரும்பாலும் பாவத்தின் விளைவு, அதற்குத் திருமறையே போதும் என்றது. அந்தப் போக்கு இன்றும் பல நாடுகளின் சபைகளில் செல்வாக்குடன் இருக்கிறது. சிறு வயதில் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் அவரது பாவத்தைத் தேடும் ஆலோசனை எவ்வளவு கொடியது என்பதை அந்த வழியில் செல்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் உள்ள கிறிஸ்தவ நிறுவனங்கள் வேறு பாதையையும் காட்டியிருக்கின்றன. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் நரம்புத் தளர்ச்சியால் துவண்ட மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், 1950இல் லக்னோவில் நூர் மன்ஸில் மனநல மருத்துவமனையை நிறுவினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கமானது. ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்தில் இருக்க முடிந்தது.

இப்போது உளவியலே எதிர்த்திசையிலிருந்து இறையியலின் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சையளித்த ஜொனாதன் ஷே, அவர்களுடைய துன்பம் பயத்தால் மட்டும் வந்ததல்ல, அறம் காயப்பட்டதால் வந்தது என்றார். 2009இல் பிரெட் லிட்ஸும் சக ஆய்வாளர்களும் அறக்காயம் என்ற கருத்தை விரித்தெழுதினர். சோதனைச் சாவடியில் அப்பாவி ஒருவரைச் சுட்டுவிட்ட சிப்பாயிடம் உன் குற்ற உணர்வு பொருளற்றது என்று சொன்னால் அவர் ஏற்க மாட்டார். ஏற்கவும் கூடாது. எனவே லிட்ஸ் குழுவினர் வகுத்த சிகிச்சையில் அவர், தாம் மதிக்கும், தம்மேல் பரிவுள்ள ஒரு பெரியவரைக் கற்பனையில் எதிரே இருத்தி, செய்ததை வாய்விட்டுச் சொல்கிறார். மன்னிப்பைப் பற்றி அவருடன் பேசுகிறார். பாவசங்கீர்த்தனத்தின் சாயலை இதில் காணாமல் இருக்க முடியாது. அந்த மன்னிப்பைத் தர அந்தக் கற்பனைப் பெரியவருக்கு என்ன அதிகாரம் என்று சிப்பாய் கேட்டால், சிகிச்சையாளர் தம் துறைக்குள் நின்று பதில் சொல்ல இயலாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறக்காயம் பட்டவர்களுக்காக மனநல நிபுணர்களும் போதகர்களும் சேர்ந்து பணியாற்றுவது இதனால்தான்.