தெருவில் அரைப் பேர்ச்

மோட்டார் வண்டி வாங்க எண்ணுவோர் அதன் விலையை விசாரிக்கின்றனர், வரியை விசாரிக்கின்றனர், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை மைல் ஓடும் என்பதையும் விசாரிக்கின்றனர். இரவில் அது எங்கே நிற்கும் என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. தெரு இருக்கிறதே என்ற துணிவு. அத்துணிவுக்கு ஒரு விலை உண்டு. அதனை வண்டிக்குச் சொந்தக்காரரை விட்டு மற்றையோர் கொடுத்து வருகின்றனர் என்பதே எனது முறைப்பாடு.

கணக்கு மிக எளிது. கார் ஒன்று நிற்பதற்கு ஏறக்குறைய 5 மீற்றர் நீளமும் 2½ மீற்றர் அகலமும் வேண்டும். ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே தெருவோரம் நிற்கும் ஒவ்வொரு காரும் அரைப் பேர்ச் நிலத்தைப் பிடித்திருக்கிறது. காணி உறுதி எழுதும்போது கால் பேர்ச்சுக்கும் வழக்காடும் நாம், ஊருக்குப் பொதுவான அரைப் பேர்ச்சை ஒருவர் ஆண்டு முழுவதும் இலவசமாக வைத்திருப்பதைக் கண்டும் காணாதிருக்கிறோம். சந்தையோரம் சாக்கு விரித்துக் கீரை விற்கும் பெண்ணை நாம் அப்படி விடுவதில்லை. அவள் அமரும் மூன்று முழ நிலத்துக்கு அன்றாடம் காசு அறவிட ஆள் வருகிறான்.

மட்டக்களப்பு நகரின் இதயமாகிய புளியந்தீவு பெயரளவில் மாத்திரமன்றி உண்மையிலேயே தீவு. நாற்புறமும் வாவி. ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கோட்டையும், பழம்பெரும் பாடசாலைகளும், கோயில்களும், கடைகளும், குடிமனைகளும் அச்சிறு நிலத்திலேயே நெருங்கி நிற்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் அகன்ற புதுப்பாலம் எழுந்தது. மறு ஆண்டு மண்முனையிலும் பாலம் வந்து, படுவான்கரை மக்கள் அவ்விடத்தில் பாதைக்குக் காத்து நின்ற காலம் முடிந்தது. நல்லதே. ஆனால் வாகனங்கள் வருவதற்கு வழி அகன்றதே தவிர, வந்தவை நிற்பதற்கு இடம் அகலவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்து விடப்பட்டிருக்கிறது. ஒழுங்கைகள் நிரம்பிய பின் சட்டம் செய்வது எவருக்கும் எளிதன்று.

ஆதலின், குடியிருப்புத் தெருக்களில் வண்டி நிறுத்துவோர் ஆண்டுக் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற முறையை நான் வரவேற்பேன். அவ்வாறு சொன்னபோது நண்பர் ஒருவர், “பரம்பரை வளவும் படலையும் உள்ள உமக்கு இது இலகு” என்று இடித்துரைத்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நான்கு பேர்ச் துண்டில் வாழ்ந்து, முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்குத் தெருவை விட்டால் வேறிடம் ஏது? காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களிலும் இதே நிலைதான். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் அது அவனையே முதலில் வதைக்கும்.

நம்மவர் பெருந்தொகையாய்க் குடியேறியுள்ள ரொறன்ரோ நகரில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். சொந்த வளவில் இடமில்லாதவரின் முதல் வண்டிக்குக் கட்டணம் குறைவு; அடுத்த வண்டிக்குக் கூடுதல்; வளவில் இடமிருந்தும் வசதிக்காகத் தெருவில் நிறுத்துவோருக்கு இன்னும் கூடுதல். இக்கடைசி வகுப்பாரை நாமும் நன்கறிவோம். கார்க் கொட்டகையைக் கடையறையாக்கி வாடகைக்கு விட்டவர்கள், ரியூசன் வகுப்பாக்கியவர்கள். (ஆசிரிய நண்பர்கள் பொறுத்தருள்க.) தம் இடத்துக்கு வாடகை வாங்குகிறவர் ஊரின் இடத்துக்கு வாடகை கொடுப்பதில் என்ன குறை? அவ்வூரில் அரைப் பேர்ச் நிலம் என்ன வாடகை பெறுமோ, அவரிடம் அதையே கேட்கலாம். முச்சக்கர வண்டிக்காரனிடம் சீட்டு அச்சிடும் செலவு மட்டும் போதும்.

யப்பானியர் இன்னும் கண்டிப்பானவர். 1962இல் அவர்கள் செய்த சட்டப்படி, நிறுத்துவதற்குத் தெருவல்லாத இடம் உண்டு என்று காட்டாதவர் கார் ஒன்றைப் பதிவு செய்வதே அரிது. அவ்விடமும் இருப்பிடத்திலிருந்து 2 கிலோமீற்றருக்குள் அமைய வேண்டும். பழைய ஒழுங்கைகளில் வாழும் நமக்கு அத்துணைக் கடுமை இன்று ஏற்காது.

கட்டணத்தைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. பத்து வண்டி நிற்கக்கூடிய ஒழுங்கைக்கு முப்பது சீட்டு விற்றால், பணம் கொடுத்தவர் கையில் கடதாசி மட்டுமே எஞ்சும். மாலையில் வீடு திரும்பி இடம் தேடிச் சண்டையிடுவர். எனவே முதலில் ஒவ்வொரு ஒழுங்கையையும் அளக்க வேண்டும். நோயாளர் வண்டியும் தீயணைப்பு வண்டியும் செல்ல வழி விட்டு, பிள்ளைகள் நடக்க ஒரு பக்கம் விட்டு, மிஞ்சிய இடத்துக்கே சீட்டு வழங்க வேண்டும். மிஞ்ச இடமில்லாத ஒழுங்கையில் எந்த விலைக்கும் சீட்டு இல்லை என்று சொல்லும் துணிவு மாநகர சபைக்கு வேண்டும். கிடைத்த பணம் எத்தனை, அதில் எந்த ஒழுங்கையின் நடைபாதையும் வடிகாலும் செப்பனிடப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் அவ்வொழுங்கை முகப்பிலேயே எழுதி வைக்கட்டும். பாடசாலை வாயில்களை அண்டிய தெருக்களில் இதனை முதலில் தொடங்கலாம். மணி அடித்ததும் துவிச்சக்கர வண்டியோடு நடுத்தெருவுக்குத் தள்ளப்படும் பிள்ளைகள் அங்கேதான் அதிகம்.